இழுக்கும் தேரும் அதன் திருப்பணியும்

'எஸ்டேட்' என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனத்தில் விரியும் காட்சி எது? வால்பாறையின் தேயிலைத் தோட்டம். இலங்கைத் தமிழராயின் அட்டனோ நுவரெலியாவோ. அச்சொல்லை ஒரு மகிழுந்தோடு சேர்த்து எண்ணுபவர் நம்மில் குறைவு. 1992-இல் 'டாடா எஸ்டேட்' என்ற நீண்ட வண்டி இந்தியச் சாலைகளுக்கு வந்தபோதும், அந்தப் பெயர் ஏன் வந்தது என்று நாம் கேட்டுக்கொண்டதில்லை.

காரணம் உண்டு. இங்கிலாந்தின் பெருநிலக்கிழார்கள் தம் பண்ணைகளுக்கு வரும் விருந்தினரையும், அவர்தம் பெட்டிகளையும், வேட்டை நாய்களையும் இரயில் நிலையத்திலிருந்து ஏற்றிவர, மரச்சட்டங்களாலான நீண்ட உடல் கொண்ட வண்டிகளை வைத்திருந்தனர். ஆங்கிலேயர் வண்டி போய்ச் சேரும் இடத்தை வைத்து அதை 'எஸ்டேட் கார்' என்றனர். அமெரிக்கரோ புறப்படும் இடத்தை வைத்து 'ஸ்டேஷன் வேகன்' என்றனர். சுவீடன் நாட்டு மொழியிலும் இதற்கு 'ஹெர்கோர்ட்ஸ்வாங்ன்' என்றொரு பழம்பெயர் உண்டு. 'மாளிகைப் பண்ணையின் வண்டி' என்பது அதன் பொருள். பிற்காலத்தில் அதன் இடத்தை 'கோம்பி' என்ற சொல் பிடித்துக்கொண்டது.

கோயில்களையும் கல்வெட்டுகளையும் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும் நாம் திடீரென்று மகிழுந்துக்குள் ஏறியது ஏன் என்று வாசகர்கள் ஐயுறலாம். சுவீடனின் கோத்தன்பர்க் நகருக்கு அருகில் வாழும் நண்பர் ஒருவரின் கேள்வியே இதற்குத் தொடக்கம். அவரிடம் 1989-ஆம் ஆண்டு வோல்வோ 240 எஸ்டேட் ஒன்று உள்ளது. கோடைதோறும் அதன் பின்னால் கேரவன் ஒன்றைப் பூட்டிக் குடும்பத்துடன் ஏரிக்கரைகளுக்குச் செல்வது அவர் வழக்கம். "இந்த ஆண்டும் இது இழுக்குமா?" என்று தொலைபேசியில் கேட்டார். இழுக்குமா என்பது ஒரு கேள்வி. இழுக்கலாமா என்பது வேறொன்று. இரண்டையும் பிரித்துப் பார்க்க முயன்றபோது, அந்த வண்டியின் வரலாறும் மருத்துவமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதை உணர்ந்தோம். அதன் விளைவே இக்கட்டுரை.

கிழாரிடமிருந்து குடும்பத்துக்கு

'வோல்வோ' என்றால் நமக்குப் பேருந்துதான் நினைவுக்கு வரும். இலத்தீன மொழியில் அதற்கு 'நான் உருள்கிறேன்' என்று பொருள். அசார் கேப்ரியேல்சன், குஸ்தாவ் லார்சன் என்ற இருவரின் முயற்சியில், 1927 ஏப்ரல் 14 அன்று அந்நிறுவனத்தின் முதல் மகிழுந்து கோத்தன்பர்க் தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்தது. இன்று பேருந்து செய்யும் நிறுவனமும் மகிழுந்து செய்யும் நிறுவனமும் வெவ்வேறு. மகிழுந்துப் பிரிவு 1999-இல் ஃபோர்டுக்கும், 2010-இல் சீனத்தின் ஜீலி நிறுவனத்துக்கும் கைமாறியது.

1953-இல் வோல்வோ 'டூயெட்' என்ற எஸ்டேட்டை வெளியிட்டது. வாரநாட்களில் தொழிலுக்கும் விடுமுறையில் குடும்பத்துக்கும் என இரு வண்டிகள் ஒன்றில் அடங்கியிருப்பதையே அப்பெயர் குறித்தது. தச்சரும் கடைக்காரரும் மாளிகைப் பண்ணையின் வண்டியைத் தமதாக்கிக்கொண்டது இந்தக் கட்டத்தில்தான். அதனைத் தொடர்ந்து 1962-இல் 'அமேசான்' எஸ்டேட்டும், 1967-இன் இறுதியில் 145-ம் வந்தன.

ஆனால் வண்டி மட்டும் இருந்தால் போதுமா? ஊர் சுற்ற ஓய்வு வேண்டாமா? சுவீடன் அரசு 1938-இல் இரண்டு வாரச் சம்பள விடுமுறையைச் சட்டமாக்கியது. அது 1951-இல் மூன்று வாரமாகவும், 1963-இல் நான்கு வாரமாகவும், 1978-இல் ஐந்து வாரமாகவும் வளர்ந்தது. பிறருக்கு இடையூறின்றி எவரும் காட்டிலும் ஏரிக்கரையிலும் உலவலாம் என்ற தொன்மையான பொது உரிமையும் அந்நாட்டில் உண்டு. ஐந்து வார ஓய்வும், உலவும் உரிமையும், நீண்ட வண்டியும் ஒருங்கே அமைந்த நாட்டில், உருளும் வீடாகிய கேரவன் பெருகியதில் வியப்பில்லை. (நம் திரைப்பட நடிகர்களின் ஓய்வறையாக நாம் அறிந்த அதே சொல்தான். இங்கே நாம் குறிப்பது தனக்கென எஞ்சின் இல்லாத, மகிழுந்தின் பின்னால் பூட்டி இழுக்கப்படும் சிறு வீடு.) ஆக, 240-இன் பின்புறத்தில் துருத்திக்கொண்டிருக்கும் 50 மி.மீ இரும்புக் குமிழை, ஒரு நாட்டின் தொழிலாளர் சட்ட வரலாறு விட்டுச்சென்ற தடயம் என்றே கொள்ளலாம்.

ஒரு வண்டியின் மெய்க்கீர்த்தி

1974 ஆகஸ்டில் 240 வரிசை அறிமுகமானது. யான் வில்ஸ்கோர்ட் வடிவமைத்தது. முன்னிருந்த 140-இன் உடலைப் பெரிதும் தக்கவைத்துக்கொண்டு, முகப்பையும் முன்சக்கரத் தொங்கமைப்பையும் ஸ்டியரிங்கையும் எஞ்சினையும் மாற்றினார்கள். 1972-இல் அந்நிறுவனம் காட்சிக்கு வைத்த பாதுகாப்பு ஆய்வு வண்டியின் பாடங்கள் இதில் இடம்பெற்றன. செந்நிறம் பூசிய வார்ப்பிரும்புப் பிளாக், அலுமினிய ஹெட், பெல்ட்டால் சுழலும் கேம்ஷாஃப்ட் என அமைந்த அந்த நான்கு சிலிண்டர் எஞ்சினை ஆர்வலர்கள் இன்றும் 'ரெட் பிளாக்' என்றே அழைக்கின்றனர். எஸ்டேட்டின் பெயர் முதலில் 245. இரண்டாம் எண் சிலிண்டரையும் மூன்றாம் எண் கதவையும் குறித்தன. 1980-களில் அந்த எண்முறை கைவிடப்பட்டு, எல்லாமே 240 ஆயின.

1982-இல் 760 வந்தபோது, 240-இன் நாட்கள் எண்ணப்படுகின்றன என்றே பலரும் கருதினர். நடந்ததோ வேறு! 760 போயிற்று, அதன் தம்பியான 740-உம் 1992-இல் போயிற்று, 240 அவற்றை வழியனுப்பிவிட்டு 1993 மே 5 வரை உற்பத்தியில் இருந்தது. ஏறத்தாழ 19 ஆண்டுகளில் சுமார் 28 இலட்சம் வண்டிகள். செங்கல் போன்ற அந்த உடலைக் கேலி செய்தவர்கள், 1985-இல் 240 டர்போ ஐரோப்பியத் தொடர் பந்தயப் பட்டத்தை வென்றபோது சற்றே வாய் மூடினர்.

இந்த நீண்ட ஆயுளுக்குக் காரணம் என்ன? வலிமை என்பர் பலர். அது பாதி உண்மையே. இரும்பு எதுவாயினும் தேயும். நம் பார்வையில் முதன்மையான காரணம், பழுது பார்ப்பவனின் கை நுழைய இவ்வண்டியில் இடம் விடப்பட்டிருப்பதாகும். எஞ்சின் நீளவாக்கில் அமர்ந்திருப்பதால் இருபுறமும் கை செல்லும். எட்டு வால்வு கொண்ட எஞ்சின்களில் டைமிங் பெல்ட் ஓட்டத்தில் அறுந்தாலும் பிஸ்டனும் வால்வும் மோதிக்கொள்வதில்லை. வண்டி நிற்கும், எஞ்சின் சாகாது. அதற்காகப் பெல்ட்டை மாற்றாமல் விடலாம் என்பதில்லை. சுமார் 80,000 கி.மீ-க்கு ஒருமுறை மாற்றுவதே முறை. அறியாமையையும் மறதியையும் ஓரளவு மன்னிக்கும் அமைப்பு என்று இதனைச் சொல்லலாம்.

நகர்த்துவது எளிது, நிறுத்துவது அரிது

தேரோட்டம் கண்டவர்கள் அறிவர்: தேரை இழுக்க ஊரே கூடும், அதை நிறுத்தத் தெரிந்தவர்கள் முட்டுக்கட்டையோடு சக்கரத்தை ஒட்டி நடக்கும் சிலரே. ஆரூர்த் தேராயினும் அற்றைநாள் கேரவனாயினும் இயற்பியல் ஒன்றுதான். இழுவையைப் பற்றிப் பேசும்போது குதிரைத்திறனைப் பற்றியே பேசுகிறோம். முதலில் பேசவேண்டியது நிறுத்தும் திறனை.

240-க்கு நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக் உண்டு. 1960-களிலேயே அந்நிறுவனம் கையாண்ட முறைப்படி, பிரேக் எண்ணெய்க்கு இரு தனித்தனிச் சுற்றுகள் உள்ளன. ஒவ்வொரு சுற்றும் இரு முன்சக்கரங்களையும் ஒரு பின்சக்கரத்தையும் ஆளும். ஒன்று பழுதானாலும் மூன்று சக்கரங்களில் பிரேக் மிஞ்சும். ஐரோப்பியக் கேரவன்களில், வண்டி வேகம் குறையும்போது பின்னிருந்து முட்டும் விசையே கேரவனின் சொந்தப் பிரேக்கை இயக்குகிறது. தன் முட்டுக்கட்டையைத் தானே போட்டுக்கொள்ளும் தேர்!

எடைக் கணக்குக்கு வருவோம். பிரேக் உள்ள இழுவண்டியாயின் 240-க்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு 1500 கி.கி. இது உச்சமே தவிர, உகந்தது அன்று. வண்டியின் சொந்த எடையில் 85 விழுக்காட்டுக்குள் கேரவனின் நிறை எடை இருப்பது நலம் என்பது அனுபவமில்லாத இழுப்பவர்களுக்கு இங்கிலாந்தில் நெடுநாளாகச் சொல்லப்படும் அறிவுரை. எஸ்டேட்டின் எடையைச் சுமார் 1350 கி.கி எனக் கொண்டால், கேரவன் 1150 கி.கி-க்குள் அடங்க வேண்டும். சுவீடனில் கேரவனோடு செல்லும் மகிழுந்துக்கு வேக எல்லை மணிக்கு 80 கி.மீ. பழைய வண்டிக்கு அவ்வெல்லை ஒரு வரமே.

பொருள்களை எங்கே அடுக்குகிறோம் என்பதும் எவ்வளவு அடுக்குகிறோம் என்பதைப் போலவே முதன்மையானது. கனமானவை கேரவனின் அச்சுக்கு மேலே, தரையை ஒட்டி இருத்தல் வேண்டும். வால்பகுதியில் கனம் ஏறினால் கேரவன் பாம்புபோல் நெளியத் தொடங்கும். அவ்வேளையில் பதறிப் பிரேக்கை அழுத்துவதோ, ஸ்டியரிங்கை எதிர்ப்புறம் வெட்டுவதோ, வேகத்தைக் கூட்டுவதோ கூடாது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, வேகம் தானாகத் தணியவிடுவதே வழி.

நோய்நாடி

பழுது பார்க்கும் கலையில் வள்ளுவர் சொன்ன வரிசையே இன்றும் செல்லும்: முதலில் நோய், பின்பு அதன் காரணம், அதன்பின் தணிக்கும் வழி. உதிரிப் பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது மருத்துவம் ஆகாது. சுமை இழுக்கும் பழைய 240-இல் பரவலாக அறியப்பட்ட குறைகளை, அவை காட்டும் அறிகுறிகளின் வழியே காண்போம்.

முதலாவது, எண்ணெய்க் கசிவு. எஞ்சினின் அடிவயிற்றில் சேரும் ஆவி வெளியேற, இன்டேக் மேனிஃபோல்டுக்குக் கீழே ஒரு சிறு வடிகட்டியும் பெட்டியும் உள்ளன. 'ஃபிளேம் டிராப்' என்பது அதன் பெயர். சில்லறைக் காசில் கிடைக்கும் பிளாஸ்டிக் துண்டு. அது கரியால் அடைபட்டால் உள்ளழுத்தம் கூடி, எண்ணெய் சீல்களை உடைத்துக்கொண்டு வெளியேறும். பின்புறச் சீல் போய்விட்டால் கியர்பாக்ஸையே இறக்கவேண்டும். ஏற்றத்தில் சுமை இழுக்கும் எஞ்சினில் இந்த அழுத்தம் இன்னும் மிகுதி. சோதனை எளிது: எஞ்சின் நின்ற இடத்தில் ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் தளர்த்தி வாயின்மேல் வையுங்கள். மூடி துள்ளினாலோ, புகை குபுகுபுவென வந்தாலோ அடைப்பு உண்டு. ஆலயத் திருப்பணியில் மேற்கூரை நீர்த்தாரையை அடைக்கும் அரசங்கன்றைப் போன்றது இது. கன்றைப் பிடுங்க ஒரு நாழிகை. விட்டால் மண்டபமே விரியும்.

இரண்டாவது, ஏற்றத்தில் மூச்சுத் திணறல். பெட்ரோல் டேங்குக்குள் ஒரு சிறு பம்பும், வண்டியின் அடியில் ஒரு பெரிய பம்பும் உள்ளன. சிறியது ஓய்ந்துவிட்டால் பெரியது தனியே உறிஞ்சப் போராடும். அதன் ரீங்காரம் பெரும் ஓலமாக மாறும். சமதளத்தில் ஒன்றும் தெரியாது. டேங்க் கால்பங்காகக் குறைந்து, கேரவனோடு மேடு ஏறும்போதுதான் எஞ்சின் தடுமாறும். பலரும் ஓலமிடும் பெரிய பம்பை மாற்றிவிட்டு, ஓசையின்றி இறந்துகிடக்கும் சிறியதை விட்டுவிடுகின்றனர். சில மாதங்களில் புதிய பம்பும் ஓலமிடும். ஓசை எழுப்புவதே குற்றவாளி என்று முடிவு கட்டுவது மனித இயல்பு போலும்!

மூன்றாவது, காரணமின்றி நின்றுவிடுதல். ஓட்டுநர் பக்கக் கால்மாட்டில் ஃப்யூஸ் பெட்டி இருக்கிறது. ஈரமும் காலமும் சேர்ந்து அதன் தொடுமுனைகளில் பாசம் பிடிக்கும். ஃப்யூஸ் எரிந்திராது, ஆயினும் மின்சாரம் பாயாது. விரலால் அதனைச் சற்றே சுழற்றினால் உயிர் வரும். அதுவே குறிப்பு: ஃப்யூஸை மாற்றி முனைகளைத் துலக்குக. பம்புக்கான ரிலேவின் உள்ளே ஈயப்பற்று வெடித்திருப்பதும் உண்டு. சூடானால் நிற்கும், ஆறினால் ஓடும் என்ற விளையாட்டு அதனுடையது. இவை போக, ஏறத்தாழ 1980 முதல் 1987 வரை வந்த வண்டிகளில் எஞ்சின் வயரிங்கின் மேலுறை நாளடைவில் பொடிந்து உதிரும் தன்மையது என்பது ஊரறிந்த செய்தி. அக்காலத்து வண்டியாயின் வயரிங் மாற்றப்பட்டதா என்று முதலில் கேட்டறிதல் நன்று.

நான்காவது, வெப்பம். எஞ்சின் விசிறியின் நடுவே பிசுபிசுப்பான திரவம் நிரம்பிய கிளட்ச் ஒன்று உண்டு. அது தளர்ந்தால் நெடுஞ்சாலையில் காற்றே குளிர்விக்கும். மெதுவாக ஏறும் மலைப்பாதையில் வெப்பமானி உயரும். ரேடியேட்டரின் பிளாஸ்டிக் பக்கத் தொட்டிகளும் முதுமையில் விரிசல் காணும். வழியில் முள் ஏறினால், காருக்குள் ஹீட்டரை முழு அளவில் திருப்பி வைப்பது ஓர் அவசர உத்தி. எஞ்சினின் சூட்டைப் பயணிகள் பங்கிட்டுக்கொள்வர்; கோடையில் இது தவமே. பாதுகாப்பான இடம் வந்ததும் நிறுத்திவிடவேண்டும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறத்தல் ஒருபோதும் கூடாது.

ஐந்தாவது, கியர்பாக்ஸ். ஆட்டோமேட்டிக் வண்டிகளில் நான்காம் கியராகிய ஓவர்டிரைவை அணைக்கக் கியர்த்தடியில் ஒரு பொத்தான் இருக்கும். கேரவனோடு ஏறும்போது அதை அணைத்துவிடுக. இல்லையேல் மூன்றுக்கும் நான்குக்கும் இடையே பெட்டி அலைபாய்ந்து தன் எண்ணெயைக் கொதிக்கவைக்கும். அந்த எண்ணெய் செந்நிறத்தில் இருக்கும்வரை நலம். பழுப்பேறித் தீய்ந்த வாடை வீசினால், பெட்டி உதவி கேட்கிறது என்று பொருள். கூடுதலாக ஒரு எண்ணெய்க் குளிரூட்டி பொருத்துவது இழுவைக்கு நல்ல முதலீடு.

ஆறாவது, விளக்குகள். பின்கதவு திறந்து மூடும் கீல் அருகே வயர்கள் மடங்கி மடங்கி அறும். பின்புற வைப்பரும் எண்பலகை விளக்கும் ஒருசேர நின்றால் அங்கே பாருங்கள். கேரவனின் இன்டிகேட்டர் போட்டால் பிரேக் விளக்கும் சேர்ந்து கண்சிமிட்டுகிறதா? பெரும்பாலும் இணைப்புச் சாக்கெட்டின் எர்த் வயர் துருப்பிடித்திருக்கும். 240-இல் பல்பு எரியாததை எச்சரிக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. அது இடப்புற விளக்கும் வலப்புற விளக்கும் ஈர்க்கும் மின்னோட்டத்தை ஒப்பிட்டுப் பார்ப்பது. எனவே பல்புகளை இணையாகவே மாற்றுதல் வேண்டும். கேரவன் வயர்களைக் கண்ட இடத்தில் ஒட்டினால் அவ்வேற்பாடு பொய்யெச்சரிக்கை தரும்.

ஆட்சியாண்டு அழிந்த கல்வெட்டு

பிற்கால 240-களில் கிலோமீட்டர் காட்டும் கருவியின் சிறு பிளாஸ்டிக் பற்சக்கரம் உடைவது மிகப் பரவலான குறை. வேகமானி வேலை செய்யும், தூரமானி நின்றுவிடும். மாற்றச் செலவு குறைவு. ஆனால் பலர் கவலைப்படுவதில்லை. விளைவு? மூன்று இலட்சம் கிலோமீட்டரில் நின்றுபோன கருவியோடு வண்டி இன்னும் எவ்வளவு ஓடியது என்பதை எவரும் அறியார்.

ஆட்சியாண்டு சிதைந்த கல்வெட்டைக் கண்டு தவிக்கும் நமக்கு இந்நிலை புதிதன்று. எழுத்தமைதியையும் போதிகையின் வடிவையும் கொண்டு காலத்தைக் கணிப்பதுபோல, இங்கும் சான்றுகள் உள்ளன. பிரேக் மிதிக்கட்டை ரப்பரின் தேய்வு, ஓட்டுநர் இருக்கையின் இடப்புற விளிம்பு, ஸ்டியரிங்கின் வழவழப்பு ஆகியவை பொய் சொல்வது அரிது. இழுவைக் குமிழின் தேய்வும், பின்புற ஸ்பிரிங்குகள் தாழ்ந்திருக்கும் அளவும், பின் அச்சைப் பிணைக்கும் ரப்பர் புஷ்களின் கிழிசலும் வண்டி எவ்வளவு சுமந்தது என்பதைச் சொல்லும். கியர் மாற்றும்போது பின்னாலிருந்து 'டொக்' என்று எழும் ஒலி அந்தப் புஷ்களின் குரலே.

ஆயினும் இவையெல்லாம் ஊகங்கள். எழுதப்பட்ட சான்றுக்கு ஈடில்லை. நண்பரின் வண்டியில் அவ்வாறான சான்று ஒன்று இருந்தது. முதல் உடைமையாளர் தொடங்கிய ஒரு நீலநிறக் குறிப்பேடு, வண்டியோடு கைமாறி அவரிடம் வந்திருந்தது. எந்த நாளில் எந்த எண்ணெய், எத்தனை கிலோமீட்டரில் பெல்ட், எந்தக் கோடையில் பிரேக் திரவம் என்று வரிவரியாக மூன்று கையெழுத்துகள். பிரேக் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவது. ஈரம் கலந்த திரவம் நெடிய இறக்கத்தில் கொதித்துக் குமிழியிட்டால் மிதி பஞ்சாகிவிடும். இரண்டாண்டுக்கு ஒருமுறை அதை மாற்றவேண்டும் என்ற விதியை மூவரும் தவறாமல் காத்திருந்ததைக் குறிப்பேடு காட்டியது. ஒரு கோயிலின் சுவரில் சோழரும் பாண்டியரும் விசயநகரத்தாரும் தத்தம் திருப்பணியைப் பொறித்ததைப் பார்த்த அதே உணர்வு நமக்கு ஏற்பட்டது.

இழுக்கலாமா?

இனி நண்பரின் கேள்விக்கு வருவோம். எஞ்சின் நலம். பெல்ட் புதிது. கியர்பாக்ஸ் எண்ணெய் செந்நிறம். ஃபிளேம் டிராப் தூய்மை. இழுக்குமா என்றால், ஐயமின்றி இழுக்கும்.

ஆனால் குறிப்பேட்டில் எவரும் எழுதாத ஒன்று எஞ்சியிருந்தது. பனிக்காலத்தில் சாலைகளில் தூவப்படும் உப்பு, வண்டியின் அடிப்புறத்தை ஆண்டுதோறும் அரித்துவந்திருக்கிறது. சுவீடனில் 1965 முதல் வண்டிகளுக்குக் கட்டாயச் சோதனை உண்டு. நண்பரின் வண்டி அதில் தேறியும் வந்தது. நாமோ அதற்கு மேலும் ஒன்று செய்யுமாறு வேண்டினோம்: வண்டியை லிஃப்டில் ஏற்றி, இழுவைச்சட்டத்தை முழுவதுமாகக் கழற்றி, அது பொருந்தியிருந்த தகட்டைச் சுத்தியலின் காம்பால் தட்டிப் பார்க்கவேண்டும் என்று. நல்ல இரும்பு கணீரென ஒலிக்கும். வலப்புறம் அவ்வாறே ஒலித்தது. இடப்புறம் மண்பானை உடைந்ததுபோல் மந்தமாக ஒலித்தது. பூச்சைச் சுரண்டியபோது தகடு அடுக்கடுக்காக உரிந்து வந்தது.

1100 கி.கி எடையுள்ள கேரவன் தொங்கியது அந்தத் தகட்டில். பின்னிருக்கையில் அமர்ந்தது இரு குழந்தைகள்.

புதுத்தகடு வெட்டி ஒட்டலாம் என்றார் பட்டறைக்காரர். ஒட்டலாம்தான். ஆனால் துருவின் எல்லை எங்கே முடிகிறது என்பதை அவராலும் உறுதியாகச் சொல்ல இயலவில்லை. பழமையின்மீது நாம் கொண்ட பற்று, பழையதால் எதையும் தாங்க முடியும் என்ற மயக்கமாக மாறிவிடக்கூடாது. விரிசல் கண்ட மண்டபத்தில் ஆயிரம்பேரை அமரவைத்துவிட்டு, இது இராசராசன் காலத்துக் கட்டடம் என்று பெருமை பேசுவது பக்தியும் ஆகாது, வரலாற்று உணர்வும் ஆகாது. திருப்பணி என்பது காப்பது மட்டுமன்று. எந்தச் சுமையை இனி அதன்மேல் ஏற்றலாகாது என்று அறிவதும் திருப்பணியே.

நண்பர் சில நாட்கள் பேசவில்லை. பின்னர் ஒரு மாலை அழைத்தார். கேரவனை உறவினரின் புதிய வண்டிக்கு மாற்றிவிட்டதாகவும், இழுவைச்சட்டத்தை மீண்டும் பொருத்தாமல், அந்த இடத்தில் துருவைச் சுரண்டி, தகடு ஒட்டி, மெழுகு பூசிவிட்டதாகவும் சொன்னார். 240 இனி குடும்பத்தை மட்டும் ஏற்றிச் செல்லும்; கேரவன் முன்னே போகும், இது பின்னே போகும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வீட்டை இழுத்த வண்டி, இனி அதன் பின்னால் ஓய்வாக உருளட்டும் என்று சிரித்தார். சிரிப்பில் சற்றே வருத்தம் இருந்ததை நாம் கவனிக்காமலில்லை.

அன்றிரவே குறிப்பேட்டில் அவர் மகள் நான்காவது கையெழுத்தாக ஒரு வரி எழுதினாளாம்: இழுவைச்சட்டம் கழற்றப்பட்டது, இடப்புறத் தகட்டில் துரு, இனி இழுக்கவேண்டாம் என்று, நாளும் இட்டு. அவ்வண்டி நாளை யாருடைய கைக்குப் போனாலும், அந்த ஒரு வரி ஓர் உயிரைக் காக்கக்கூடும்.

வாசகர்களிடம் 240 இல்லாமல் இருக்கலாம். தந்தையார் விட்டுச்சென்ற அம்பாசிடரோ, கொட்டகையில் நிற்கும் பழைய டிராக்டரோ, கிணற்றடி மோட்டாரோ இருக்கக்கூடும். எதுவாயினும் ஒரு குறிப்பேடு வாங்குங்கள். செய்ததை எழுதுங்கள், செய்யக்கூடாததையும் எழுதுங்கள். நம் முன்னோர் கல்லில் எழுதிவைத்ததால்தான் நமக்கு வரலாறு கிடைத்தது. தாளில் எழுதுவது அதனினும் எளிதன்றோ!